கச்சான் காற்றில் ஒரு பலூன்

அம்மா அந்தப் பெட்டியின் மேல் தீர்த்தம் தெளித்தபோது நான் குனிந்து பலூனின் கழுத்தை நூலால் இறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் பார்க்கவில்லை.

திரேஸ்புரம் கரை. அப்போதுதான் விடிந்திருந்தது. காற்றே இல்லை. கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது. ஹீலியம் நிரப்பிய வெள்ளைப் பலூன் என்னைவிட உயரமாக நின்றது. ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவியிருந்த மாவு என் முழங்கை வரைக்கும் அப்பியிருந்தது.

பலூனுக்குக் கீழே நீண்ட நூலில் தொங்கப்போவது ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டி. போகிற வழியெல்லாம் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் அளந்து, ரேடியோவில் கீழே சொல்லிக்கொண்டே போகும்.

சூசை மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அம்மாவின் தம்பி. எங்கள் கரையில் மீன் ஏலம் கூவுகிறவர். எங்களுக்குத் தெர்மோகோல் பெட்டி என்றால் ஐஸ் போட்டு மீன் அடைக்கத்தான்.

“ஏளா ஜான்சி, இதுல எத்தன சாளை புடிக்கும்?”

“ஒண்ணுகூடப் புடிக்காது மாமா.”

“பொறவு எதுக்குளா இம்புட்டு ஆரவாரம்?”

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவே, நான் நூலைக் கட்டக் குனிந்தபோதுதான் அம்மா தன் வேலையை முடித்திருக்க வேண்டும்.

எங்கள் கரையில் புது வள்ளத்தை முதல்முதலாகக் கடலில் இறக்கும்போது சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அணியத்தில், அதாவது வள்ளத்தின் மூக்கில், சந்தனத்தால் குருசு போட்டுப் பூச்சரம் கட்டுவார்கள். கடலுக்குப் போகிற வள்ளத்துக்கே அத்தனை என்றால், மகள் வானத்துக்கு அனுப்புகிற பெட்டி வெறுமனே போகலாமா? ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தப் பாட்டிலை அம்மா முந்தானையில் மறைத்து எடுத்து வந்திருந்தாள்.

பலூனை விட்டேன். கரையே கைதட்டியது. அம்மா நெற்றியிலும் மார்பிலும் குருசு வரைந்து பிதாசுதன் போட்டுக்கொண்டாள்.

ஏலக்கூடத்துக்குள் ஒரு மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தாள் பாத்திமா. காயல்பட்டினத்துப் பெண், என்னோடு ஆராய்ச்சி செய்கிறவள். அவள் குரல் கொஞ்ச நேரத்திலேயே மாறியது.

“ஜான்சி, இங்க வா. ஈரப்பதம் நூறுலயே நிக்குது.”

இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் நூறு. ஐந்து கிலோமீட்டரில் நூறு. அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத நீல வானம்.

திரும்பிப் பார்த்தால், அம்மா கையில் தீர்த்தப் பாட்டில். பாதி காலி.

“நல்லாத்தாம்ளா தெளிச்சேன்,” என்றாள். “நாலு பக்கமும்.”

உப்பு செய்த வேலை

போன வாரம் இந்தத் தொடரில், நான் விடுதியில் இருந்தபோது அம்மா கருவாடு கொடுத்துவிட்டதை எழுதியதற்கு, அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. “ஊருக்கே சொல்லணுமா?” என்று கேட்டாள். அதனால் இந்தத் தீர்த்தக் கதையை அவளிடம் அனுமதி கேட்டுவிட்டே எழுதுகிறேன். “எழுது. ஆனா நல்ல மனசோடதான் தெளிச்சேன்னும் எழுது,” என்றாள். எழுதிவிட்டேன்.

வெறும் தண்ணீர் என்றால்கூடப் பிழைத்திருக்கலாம். மேலே போகப்போகக் காய்ந்திருக்கும். ஆனால் மந்திரித்த தீர்த்தத்தில் மந்திரித்த உப்பும் கலந்திருக்கும். ஈரத்தை அளக்கிற தகடு நகத்தைவிடச் சிறியது. அதன் மேல் உப்பு படிந்துவிட்டால், ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு உண்டா?

மேகமும் இப்படித்தான் பிறக்கிறது. அலை உடையும்போது தெறிக்கிற திவலை காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளாகக் காற்றில் ஏறுகிறது. அதைச் சுற்றி ஈரம் சேர்ந்து சேர்ந்து ஒரு மேகத்துளி உண்டாகிறது. எங்கள் கடலின் மேல் மிதக்கிற மேகங்களுக்குள் இப்படிக் கோடிக்கணக்கான உப்புத் துகள்கள். வானம் செய்கிற அதே வேலையை அம்மா என் கருவியின் மேல் செய்து முடித்துவிட்டாள்.

சென்னையிலிருந்து சார் போனில் வந்தார். என் ஆராய்ச்சி வழிகாட்டி. இணையத்தில் எங்கள் எண்களை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன்பது கிலோமீட்டர்ல நூறு பர்சென்ட். உங்க ஊர்ல வானத்துலயும் கடல் இருக்கா ஜான்சி?”

“சென்சார் நனைஞ்சிருச்சு சார்.”

“மழையா?”

“இல்ல சார். அம்மா.”

அவரிடம் விளக்கிச் சொன்னேன். பிறகு கோபமே இல்லாமல் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சோதனைக்கென்று எனக்குக் கொடுத்தவை இரண்டு பலூன்கள். ஒன்று போய்விட்டது. இரண்டாவதும் இப்படிப் போனால், வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் பறக்கவிட வேண்டிய பலூன்கள் வேறு ஊருக்குப் போய்விடும். அங்கே ஒரு கல்லூரியில் சுற்றுச்சுவர் கட்டிய மைதானம் இருக்கிறது. கூட்டம் இல்லை.

“அங்க யாரும் வந்து தெளிக்க மாட்டாங்க,” என்றார் சார்.

ஏன் எங்கள் கரை?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா வாசல்வரைக்கும் போயிருக்கிறார், டீச்சருக்கு மீன் கொடுக்க. அம்மா எழுத்துக்கூட்டியதே என் பாடப்புத்தகத்தில்தான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த எனக்கு வராது. பெருமையடிக்கிறாள் என்று யாராவது சொன்னால், ஆமாம், அடிக்கிறேன்.

வளிமண்டல ஆராய்ச்சியில் சேரச் சென்னைக்குக் கிளம்பிய அன்று, அப்பா பஸ் கண்டக்டரிடம், “எம் மவ காத்தப் படிக்கப் போறா,” என்றார்.

“காத்துல படிக்க என்ன அண்ணாச்சி இருக்கு?”

“தெரிஞ்சா நானே படிச்சிருக்க மாட்டனா?”

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. தாமிரபரணிக் கரை வயல்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே கோடு இல்லாமல் போனது. காயல்பட்டினத்தில் பாத்திமாவின் வாப்பாவும் உம்மாவும் மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து, அது மூழ்க, அதற்கு மேலும் செங்கல் வைத்தோம்.

அப்போது என் மனதில் ஒரே கேள்விதான் ஓடியது. கொட்டுவதற்கு முன்னால் இத்தனை தண்ணீரும் எங்கே தொங்கிக்கொண்டிருந்தது? எங்கள் தலைக்கு மேலே, எந்த உயரத்தில், எவ்வளவு?

திருவனந்தபுரத்தில் பலூன் விடுகிறார்கள். காரைக்காலில் விடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் இருக்கிற எங்கள் கரைக்கு மேலே உள்ள காற்றை அப்படி ஏறிப்போய் அளக்க ஆள் இல்லை.

காற்று ஒரு டிகிரி சூடானால், அதனால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்க முடியும். இது எந்த ஊர்க் காற்றுக்கும் பொருந்துகிற விதி. கடலும் சூடாகிறது, ஆவியும் கூடுகிறது, பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. ஒரு மழையைக் காட்டி இது பருவநிலை மாற்றம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பலூனும் அதைச் சொல்லாது. ஒரே இடத்தில், வருடக்கணக்கில், விடாமல் அளந்தால்தான் சொல்ல முடியும். அதனால்தான் எனக்கு ஒருநாள் வேடிக்கை போதாது. எங்கள் கரைக்கு ஓர் இடம் வேண்டும்.

கச்சான்

இரண்டாவது பலூனுக்கு விமான நிலையத்தில் கேட்டு நேரம் வாங்கியிருந்தோம். விமானங்கள் போகிற வானம். நினைத்த நேரத்தில் பலூன் விட முடியாது. அந்தக் காலைப்பொழுது தவறினால், மறுபடி அனுமதி, மறுபடி ஹீலியம், அதற்குள் சார் முடிவெடுத்துவிடுவார்.

அந்தக் காலையில் பார்த்துக் கச்சான் எழுந்தது.

ஆனி, ஆடியில் மேற்கே மலைக் கணவாய் வழியாக நுழைந்து, தேரிக்காட்டுச் செம்மணலையும் தெருப் புழுதியையும் வாரிக்கொண்டு கடலை நோக்கி ஓடுகிற காற்றுக்குத்தான் கச்சான் என்று பெயர். வழக்கமாக விடியலில் கொஞ்சம் அடங்கும். அன்று அடங்கவில்லை.

குழாயை மாட்டி வாயுவைத் திறந்தேன். பாதி ஊதியதுமே பலூன் பக்கவாட்டில் சாய்ந்து மணலில் அறைந்தது. இழுத்து நிமிர்த்தினால் மறுபக்கம் விழுந்தது. இன்னும் ஓர் அடி நகர்ந்திருந்தால் ஏலக்கூடத்துத் தகரக் கூரையில் கிழிந்திருக்கும். வாயுவை மூடினேன். பலூனைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“நேரம் ஓடுது ஜான்சி,” என்றாள் பாத்திமா. “சார்கிட்ட சொல்லிடவா?”

“சொல்லாத. இரு.”

சின்ன வயதில் ஒரு திருவிழாவுக்கு மறுநாள், தெருப் பெண்களையெல்லாம் முயல் தீவுக்கு வள்ளத்தில் கூட்டிப்போனார்கள். அன்றும் கச்சான்தான். கரையில் நின்றவரை பாவாடையைப் பிடிக்க முடியாத காற்று. வள்ளம் அதே காற்றோடு கடலுக்குள் ஓடத் தொடங்கியதும், காற்று நின்றுபோனது. அப்பாவின் பீடிப் புகை நேராக மேலே போனது. காற்று எங்கே போயிற்று என்று நான் கேட்டதற்கு, யாரும் பதில் சொல்லவில்லை. பதினொன்றாம் வகுப்பில்தான் பதில் கிடைத்தது. சார்பு வேகம். நீயும் காற்றோடு அதே திசையில் ஓடினால், உனக்கு அது காற்றே இல்லை.

எழுந்து நின்றேன்.

“அப்பா, வள்ளம் வேணும். காத்தோட சேந்து ஓட்டணும். நான் அதுல வச்சு ஊதிக்கிடுவேன்.”

வலையை இறக்கிய வள்ளம்

அப்பா யோசிக்கக்கூட இல்லை. சூசை மாமாதான் குறுக்கே வந்தார்.

“தொழில் வள்ளத்துல பொம்பளப்புள்ளய ஏத்தப் போறீங்களா மச்சான்? கரையில நாலு பேரு என்ன சொல்லுவான்?”

மீன்பிடிக்கிற வள்ளத்தில் பெண் ஏறக் கூடாது என்பது எங்கள் கரையின் பழைய வழக்கம். தீவுக்குப் போன வள்ளத்தில் ஏறலாம், தொழிலுக்குப் போகிற வள்ளத்தில் கூடாது. அந்த வழக்கத்தில் எனக்கு எந்த மரியாதையும் இல்லை. ஆனால் அன்று வாதாட நேரம் இல்லை. அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது.

“ஏலே சூசை, தொழில் வள்ளம்னா என்னது?”

“வலை கெடக்குற வள்ளம்.”

“அப்ப வலைய இறக்கிப் போடு.”

மாமாவே முதல் ஆளாக வலையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். நாலு பேர் சேர்ந்தார்கள். வலை மணலில் குவிந்து, வாயு சிலிண்டர் வள்ளத்தில் ஏறியதும் அப்பா, “ஏறுளா,” என்றார். ஏறினேன். (இப்போது வலையோடும் ஏறுகிறேன். யாரும் கேட்பதில்லை.)

அம்மா பாட்டிலோடு வந்து நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“வள்ளத்துக்குத் தெளிம்மா. எம்புட்டு வேணும்னாலும் தெளி. பெட்டிப் பக்கம் மட்டும் வராத.”

பெட்டியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். வள்ளம் நனைந்தது. அப்பாவும் நனைந்தார்.

கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரம் அலை கிடையாது. அப்பா இயந்திரத்தை முழு வேகத்தில் விட்டார். வள்ளம் ஓட ஓட, காதில் இரைந்த காற்று இறங்கியது. முழுதாக நிற்கவில்லை. எங்கள் வள்ளத்துக்கு அத்தனை வேகம் கிடையாது. ஆனால் கரையில் நாயடி அடித்த காற்று, இங்கே விசிறி வீசுகிற அளவுக்கு வந்துவிட்டது.

வாயுவைத் திறந்தேன். பலூன் கொஞ்சம் சாய்ந்தது, தள்ளாடியது, பிறகு நிமிர்ந்தது. வளர்ந்துகொண்டே போனது. எங்களோடு ஏறி வந்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அதன் கழுத்தைப் பிடித்திருந்த சூசை மாமா, அண்ணாந்து பார்த்தபடி, “யம்மாடி,” என்றார்.

கழுத்தைக் கட்டினேன். பெட்டியைக் கொக்கியில் மாட்டினேன்.

“விடுங்க மாமா.”

அவர் விடவில்லை. கயிறு என்றால் பிடித்துத்தான் பழக்கம்.

“விட்டா திரும்ப வராதேளா!”

“வர வேண்டாம் மாமா. போகட்டும்!”

விட்டார். பலூன் ஒரு துள்ளலில் எங்கள் தலைக்கு மேலே போனது. நூல் நீண்டது, பெட்டி என் கையை விட்டுச் சொடுக்கென்று கிளம்பியது. போனில் பாத்திமா கத்தினாள்.

“எழுபத்தாறு! எழுபத்திரண்டு! அறுபத்தெட்டு! அசையுது ஜான்சி, ஈரப்பதம் அசையுது!”

அப்பா பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நடுவள்ளத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அது துக்க அழுகை இல்லை என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இறங்கு ஏலம்

எதிர்காற்றில் கரை சேர நேரமாயிற்று. பலூன் அதற்குள் வெகு தூரம் ஏறியிருந்தது. ஏலக்கூடத்தில் காலை ஏலம் முடிந்தும் யாரும் போகவில்லை. லேப்டாப்பைச் சுற்றி மீன் வாடையும் ஆட்களும்.

“இப்ப எம்புட்டுக் குளிரு?” என்று யாரோ கேட்டார்கள்.

“மைனஸ் நாற்பது,” என்றாள் பாத்திமா.

அவ்வளவுதான். சூசை மாமாவுக்குத் தொண்டை அரித்துவிட்டது. ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

“நாப்பது… நாப்பது… நாப்பத்தொண்ணு! அண்ணாச்சிமாரே, நாப்பத்தொண்ணு! கேக்குறவுக கேளுங்க!”

“ஏலம்னா ஏறணும். இது மைனஸ்ல இறங்குதே மாமா,” என்றான் ஒருவன்.

“இது இறங்கு ஏலம்ல. வாயப் பொத்திக்கிட்டுக் கேளு.”

அந்தச் சத்தத்துக்கு நடுவே அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உலகம் சூடாவுதுன்னு சொல்லுத. மேல இம்புட்டுக் குளிரு கெடக்கே. நல்லதுதான?”

“மேல எப்பவும் குளிருதாம்பா. இன்னும் மேல போனா ஒரு எடத்துல குளிரு நிக்கும். அதுக்கு மேல, ஓசோன் வெயில உறிஞ்சுறதால திரும்பச் சூடாவும். அந்தத் திரும்புற எடம்தான் எனக்கு வேணும். அதுக்குக் கீழ இருக்குற காத்து வருசத்துக்கு வருசம் சூடாவுது. ரொம்ப மேல இருக்குறது வருசத்துக்கு வருசம் குளுந்துகிட்டுப் போவுது.”

“ஒண்ணு சூடு, ஒண்ணு குளிரா? அது எப்படி?”

“சூரியன் கூடுதலாக் காஞ்சா ரெண்டும் சேந்துல்லா சூடாவணும்? ஆவல. நாம எரிக்கிற கரியும் டீசலும் விடுற வாயு, கீழ உள்ள சூட்டத் தப்பிக்க விடாம புடிச்சு வைக்குது. மேல உள்ள காத்துல அதே வாயு இருக்குற சூட்ட வெளிய தள்ளிவிட்டுருது. அதான் கீழ சூடு, மேல குளிரு. இத நாங்க சும்மா சொல்லலப்பா. உலகம் பூரா இந்தப் பலூன விட்டு விட்டு அளந்துதான் சொல்லுதோம்.”

அப்பா வெளியே கரையில் கிடந்த தன் வள்ளத்தின் டீசல் இயந்திரத்தை ஒரு தரம் பார்த்தார்.

“எழுபது!” என்று மாமா கூவினார். குரல் கட்டத் தொடங்கியிருந்தது. “எழுபத்திரண்டு! எழுபத்தஞ்சு! யாரும் போயிராதீக!”

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பலூன் எங்கள் தலைக்கு மேல் பதினாறு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியிருந்தது. திரையில் வெப்பநிலையைக் காட்டும் கோடு இடப்பக்கமாகச் சரிந்துகொண்டே வந்தது. புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்த கோடு. புத்தகத்தில் இருந்தது வேறு யாரோ ஊரின் வானம்.

“எழுபத்தெட்டு. எழுபத்தொம்போது.” மாமா நிறுத்தினார். “எழுபத்தொம்போது… எழுபத்தொம்போது…” கூடமே திரையை நோக்கிச் சாய்ந்தது. “எழுபத்தெட்டு! ஏலே, எவம்ல ஏத்திவிட்டது?”

“நின்னுருச்சு மாமா! திரும்பிருச்சு!” நான் மேசையைத் தட்டி எழுந்தேன். “எழுபத்தஞ்சு வருது பாருங்க! திரும்பிருச்சு!”

ஏலக்கூடம் அதிர்ந்தது. என்ன திரும்பியது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? எங்கள் வானத்தின் கூரையை எங்கள் ஆட்கள் கூவிக் கண்டுபிடித்திருந்தார்கள். பாத்திமா என்னைக் கட்டிக்கொண்டு, “மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பலூன் அதற்கு மேலும் நெடுநேரம் ஏறி, முப்பது கிலோமீட்டரைத் தொடுகிற சமயத்தில் வெடித்தது. அதுவரைக்கும் ஒரு எண்கூட விட்டுப்போகவில்லை. போன் அடித்தது. எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

“பார்த்தேன் ஜான்சி. முழுசாப் பார்த்தேன்,” என்றார் சார். “அது என்ன பின்னால அவ்வளவு சத்தம்?”

“ஏலம் சார்.”

மாமா பெட்டியிலிருந்து இறங்கி, போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார்.

“சரி,” என்றார் சார். “அக்டோபருக்கு எத்தனை சிலிண்டர் அங்க கொண்டுவந்து இறக்கணும்?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா முன்னால் வந்தாள். “என்னளா சொல்லுதாரு? எங்கன விடப் போறாவளாம்?”

“இங்கனதாம்மா,” என்றேன். பிறகு, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, மாமாவின் ஏலக் குரலில் கத்தினேன்.

“இங்கனதான்!”